சம்பளச் சீட்டில் இல்லாத சம்பளம்

சமூக நலத் திட்டம் என்றதும், உழைக்க இயலாதவர்களுக்கு அரசு செய்யும் உதவி என்ற எண்ணமே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. அதனால்தான் அரசுக்குப் பண நெருக்கடி வரும்போது, அந்தச் செலவைக் குறைத்தால் பாதிப்பு உதவி பெறுவோரோடு நின்றுவிடும் என்றும், மற்றவர்களுக்கு அதில் இழப்பு ஏதுமில்லை என்றும் எளிதாகக் கருதப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே விரிந்துள்ள தொழில் வழித்தடத்தின் அன்றாட வரவு செலவை நெருங்கிப் பார்த்தால், இந்தக் கணிப்பு பிழையானது என்பது விளங்கும். அங்கே ரேஷன் அரிசி, கட்டணமில்லாப் பேருந்து, பள்ளிக் காலை உணவு, தொழிலாளர் காப்பீடு, நூறு நாள் வேலை ஆகியவை காரும் கைபேசியும் செய்யும் குடும்பங்களின் கூலியோடு கலந்து, அந்தக் கூலியைக் கொண்டு ஒரு மாதத்தை ஓட்ட முடியும் என்ற நிலையை உண்டாக்கியிருக்கின்றன. இவற்றில் ஒன்றைக் குறைத்தால், குறைந்த தொகை எங்கோ மறைந்துவிடுவதில்லை. வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், ஆலை நிர்வாகம், தொலைவில் உள்ள சொந்த ஊர் என்று வேறொருவர் தலையில் அது ஏறுகிறது.

யாருடைய உழைப்பில் இயங்கும் வழித்தடம்

1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1998-இல் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் 2006-இல் நோக்கியா, 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் அடுத்தடுத்து எழ, ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த நெல் வயல்களின் வட்டாரம் இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் முதன்மையான உற்பத்தி மையங்களில் ஒன்றாக மாறியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில் ஷிப்டு மாறும் நேரத்தில் திரளும் கூட்டத்தை, சீருடையை வைத்து ஆலைவாரியாகப் பிரிப்பதைவிட, வேலையின் தன்மையை வைத்துப் பிரிப்பதே பொருத்தமானது.

முதல் வகையினர் நிரந்தரத் தொழிலாளர்கள்; ஊதிய ஒப்பந்தம், ஆலைப் பேருந்து, மருத்துவக் காப்பீடு ஆகியவை இவர்களுக்கு உண்டு. இரண்டாம் வகையினர் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும். அதே உற்பத்தி வரிசையில் நின்றாலும் இவர்களின் சம்பளமும் பணிக்காலமும் வேறு. மூன்றாம் வகையினர் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து, மாத்தூர், வல்லம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் பகுதிகளின் லைன் வீடுகளில் ஓர் அறைக்குப் பலராகத் தங்கியிருப்பவர்கள். நான்காம் வகையினரை யாரும் தொழிலாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. நிலம் கைமாறியபின் ஆலைக்குள் வேலை கிடைக்காமல், கேன்டீனிலும் துப்புரவுப் பணியிலும் வீட்டு வேலையிலும், அதுவும் இல்லாத நாள்களில் ஏரி வேலை எனப்படும் நூறு நாள் வேலையிலும் காலம் தள்ளும் உள்ளூர்க் குடும்பங்கள் அவை. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டுவதற்கு, கைபேசி, மின்னணு ஆலைகள் மிகுந்த இந்த வழித்தடமும் ஒரு காரணம்.

கூலியின் மறைந்த பகுதி

இந்தக் குடும்பங்களின் கையில் வந்து சேரும் வருமானத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, முதலாளியோ ஒப்பந்ததாரரோ தரும் பணக் கூலி. மற்றொன்று, அரசு பொருளாகவோ சேவையாகவோ ரொக்கமாகவோ தருவதால் குடும்பம் செலவழிக்க வேண்டியிராத தொகை. பொருளியலாளர்கள் இதைச் சமூகக் கூலி என்பார்கள். இதன் அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வெளிக்கடையில் கிலோ 40 ரூபாய் என்று கொண்டால் இதன் மதிப்பு 800 ரூபாய். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் நடைமுறையில் உள்ள கட்டணமில்லாப் பயணத்தால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கணித்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 2,688 ரூபாய் வருகிறது; சம்பளத்தில் ஏறக்குறைய 18 சதவீதம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிடைக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும், 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட காலை உணவும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

காலை உணவுக்கு ரூபாய் மதிப்பு போடுவதும் எளிதன்று. காலை ஆறு மணி ஷிப்டுக்குச் செல்லும் தாய், நான்கு மணிக்கு எழுந்து சமைக்க வேண்டிய தேவையை அது குறைக்கிறது. பிள்ளை பட்டினியோடு வகுப்பில் உட்காராது என்ற உறுதியில்தான் அவர் அந்த ஷிப்டை ஏற்கிறார். அந்த உறுதி இல்லாவிட்டால் அவர் வேலையை விடுவார், அல்லது மூத்த மகள் பள்ளி நேரத்தில் ஒரு பகுதியை அடுப்படிக்குக் கொடுப்பாள். முதலாவதில் ஆலை பயிற்சி பெற்ற ஆளை இழக்கிறது; இரண்டாவதில் இழப்பு பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும்.

ஆகவே, சமூகக் கூலியால் பயன்பெறுபவர் தொழிலாளர் மட்டுமே என்று சொல்ல இயலாது. 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதும், அந்த ஆள் மாதம் முழுவதும் வேலைக்கு வருவதும் சாத்தியமாவதில் அரசுக் கருவூலத்துக்கு ஒரு பங்கு உண்டு. இந்த வகையில் நலத்திட்டச் செலவு ஆலைகளுக்கும் மறைமுகமாகக் கிடைக்கும் மானியமே.

அறிவிக்கப்படாத வெட்டுகள்

நலத்திட்டத்தை இன்று முதல் நிறுத்துகிறோம் என்று அரசாணை போடும் அரசுகள் குறைவு. வாக்காளரின் கோபத்துக்கு அஞ்சும் ஆட்சிகள், ஓசையில்லாத வேறு வழிகளில் செலவைச் சுருக்குகின்றன. இந்த வழித்தடத்தில் அவற்றில் நான்கைத் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, தொகையையோ வரம்பையோ விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தாமல் விட்டுவிடுவது. தேசியச் சமூக உதவித் திட்டத்தின் கீழ் 60 முதல் 79 வயது வரையிலான முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 2006-இல் மாதம் 200 ரூபாயாக்கப்பட்டு, அதன்பின் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் உயர்த்தப்படாமல் நின்றது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியபோது, கூடுதல் சுமை முழுவதும் மாநிலத்தின் மீதே விழுந்தது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயின் கதையும் இதுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கே இதில் இடம் உண்டு என்ற வரம்பு 2017 ஜனவரியில் விதிக்கப்பட்டு, எட்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 20,800 ரூபாய் பெறும் ஒருவருக்கு 500 ரூபாய் ஊதிய உயர்வு கிடைத்தால், பங்களிப்புக் காலமான அந்த அரையாண்டு முடிந்ததும் அவர் திட்டத்திலிருந்து விலகிவிடுகிறார். அவர் செலுத்திவந்த 0.75 சதவீதப் பங்கான 156 ரூபாய் மிச்சமாகும். ஆனால் அவருக்கும் குடும்பத்துக்கும் இருந்த மருத்துவப் பாதுகாப்பு போய்விடும். யாரும் எதையும் வெட்டவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் வெளியே நிற்கிறது.

இரண்டாவது, சட்டப்படி தர வேண்டியதைத் தாமதப்படுத்துவது. நூறு நாள் வேலைக்கு அடிப்படையான மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பதினைந்து நாள்களுக்குள் கூலி தர வேண்டும் என்று விதித்தது. ஆனால் 2024 நவம்பர் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுக்கான கூலித்தொகை தேங்கி, 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாயாகவும், மார்ச் இறுதிக்குள் 4,034 கோடி ரூபாயாகவும் வளர்ந்தது. நிதியாண்டின் கணக்கில் இது நிலுவை என்ற ஒரு வரி. நாளுக்கு 319 ரூபாய் கூலிக்கு வேலை செய்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்த பெண்ணின் கணக்கில், அது வட்டி கட்ட வேண்டிய கடன்.

மூன்றாவது, தகுதி நிபந்தனைகளைக் கூர்மையாக்குவது. மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக் குடும்ப வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 11,000 ரூபாய் சம்பாதித்தால் ஆண்டு வருமானம் 2.64 லட்சமாகிவிடும்; இரண்டு குறைந்த சம்பளங்கள் சேர்ந்து, காகிதத்தில் வசதியான குடும்பம் ஒன்றை உருவாக்கிவிடுகின்றன. பெண் வேலைக்குப் போவதை ஊக்குவிக்க வேண்டிய இடத்தில், அவர் வேலைக்குப் போனதே தகுதியிழப்புக்குக் காரணமாகிறது.

நான்காவது, எல்லைக் கோட்டை மாற்றுவது. ஊரக வேலை உறுதி, பெயரே சொல்வதுபோல், ஊராட்சிகளுக்கு உரியது. தொழில் வளர வளர ஊராட்சிகள் பேரூராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கப்படும்போது சொத்து வரி உயர்கிறது, நூறு நாள் வேலை மறைகிறது. 2025-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இணைப்பை எதிர்த்து மக்கள் ஆட்சியர் அலுவலகங்களுக்கு வந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். நேற்று வரை ஏரிக்கரையில் வேலை செய்த பெண்ணுக்கு, ஊரின் பெயர்ப்பலகை மாறியதால் ஆலையின் வாயில் திறந்துவிடுவதில்லை.

செலவு இடம் மாறும் வழி

இப்படிக் கைவிடப்பட்ட தொகை முதலில் போய்ச் சேரும் இடம் தெருமுனை மளிகைக் கடையின் நோட்டு. இந்த வட்டாரத்தில் லைன் வீடுகளின் வாடகையும் கடையின் பாக்கியும் சம்பளம் விழும் வாரத்தில்தான் தீர்க்கப்படுகின்றன. நோட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். தேதி, சாமான், தொகை, கடைசியில் முன்பாக்கி. ரேஷனில் அரிசி கிடைக்காத மாதத்தில் அந்தப் பக்கத்தில் 800 ரூபாய் கூடுகிறது. கூலி நிலுவையாகும் மாதங்களில் முன்பாக்கி தீராமலே புதுப் பாக்கி ஏறுகிறது. கடைக்காரரின் முதல் அதில் முடங்கியபின், அவர் மொத்த வியாபாரியிடம் வாங்கும் சரக்கைக் குறைக்கிறார், அல்லது கடன் தருவதை நிறுத்துகிறார். குடும்பம் அடுத்துப் போகும் இடம் நுண்நிதி நிறுவனத்தின் குழுக் கடன். வாரத் தவணையை வசூலிக்க வருபவர்களின் கெடுபிடி எந்த அளவுக்குப் போனதென்றால், கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒரு துறையில் மிச்சம் பிடித்ததன் விளைவைச் சமாளிக்க, காவல் துறையும் நீதித் துறையும் வேறொரு கணக்கில் செலவு செய்கின்றன.

இரண்டாம் கட்டப் பாதிப்பு கூலிச் சந்தையில் நிகழ்கிறது. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் செய்யப்படும் மனித நாள்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையவை. அந்த வேலை இருக்கும்வரை, ஒப்பந்ததாரர் மிகக் குறைந்த கூலி சொன்னால் மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் இத்திட்டத்தின் கூலிப் பட்டுவாடா சீராக்கப்பட்டபோது நேர்ந்ததைக் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளியலாளர்கள் பெரிய அளவில் ஆய்ந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. அந்த உயர்வில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, திட்டத்தின் வழியே நேரடியாக வந்ததன்று, வெளிச்சந்தையில் கூலியும் வேலையும் பெருகியதால் வந்தது. தனியார் வேலைவாய்ப்பு குறையவும் இல்லை. இந்த முடிவைத் திருப்பிப் படித்தால், திட்டம் நொடித்துப் போகும்போது, அதில் ஒரு நாளும் வேலை செய்திராதவரின் கூலிக்கும் பிடிமானம் தளரும் என்பது புரியும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 'ஜி ராம் ஜி' என்று சுருக்கி அழைக்கப்படும் புதிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அது வேலை நாள்களை 100-இலிருந்து 125-ஆக உயர்த்துகிறது. அதே வேளையில், முன்பு ஒன்றிய அரசே முழுமையாக ஏற்ற கூலிச் செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்களின் தோளில் வைக்கிறது. வேலை கேட்பவரின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிதி என்ற பழைய முறைக்கு மாறாக, மாநிலத்துக்கு இவ்வளவு என்று ஒன்றிய அரசு முன்கூட்டியே வரையறுக்கும். அதை மிஞ்சினால் மாநிலமே ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்கள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் அது இடமளிக்கிறது. நாள்கள் கூடியிருப்பது உண்மை. ஆனால் உறுதி என்ற சொல்லின் பொருள், பணத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதாக, ஊர்ப் பொதுச்சொத்து பாதிக்கப்படுகிறது. இந்த வட்டாரத்தில் நூறு நாள் வேலைக்கு ஏரி வேலை என்ற பெயர் நிலைத்திருப்பது தற்செயலானதன்று. வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் அதன் முதன்மைப் பணிகள். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செல்லும் திசையில்தான் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. கால்வாய் தூர்ந்தால் மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடங்களில் லைன் வீடும் உண்டு, மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் சாலையும் உண்டு.

நான்காவதாக, கைவிடப்பட்ட செலவு ஆலைக்கே திரும்பி வரும். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்து, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. தங்குமிடமும் உணவும் யாருடைய பொறுப்பு என்பது தெளிவில்லாமல் விடப்பட்டதன் விலையை, உலகச் சந்தைக்குக் கைபேசி அனுப்பும் ஓர் ஆலை உற்பத்தி இழப்பாகக் கொடுத்தது. பின்னர் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் எழுப்பி, 2024 ஆகஸ்டு 17 அன்று திறந்ததும் இந்தப் படிப்பினையின் தொடர்ச்சியே. நலச் செலவும் தொழில் முதலீடும் அந்தக் கட்டடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன.

முன்பு வெட்டியபோது நடந்தவை

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதன்று. நீதிக்கட்சித் தலைவர் பி.தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டித் திட்டம் தொடங்கப்பட்டு, பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922–23-இல் 811, 1924–25-இல் 1,671. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு ஆட்சேபித்ததால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. மாணவர் வருகை சரிந்தது. பின்னர் குறைந்த அளவில் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. கல்வி நிதியைக் காக்க எடுத்த முடிவு கல்வியையே பாதித்தது.

அடுத்த பாடம் 2001-க்குப் பிந்தையது. ஒன்றிய அரசு 1997-இல் கொண்டுவந்த இலக்கு நோக்கிய பொது விநியோகம், அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் சலுகை விலையில் தானியம் என்ற முறை, தமிழ்நாட்டில் ஏற்கப்படவில்லை. அட்டை உள்ள எல்லோருக்கும் அரிசி என்ற அனைவருக்குமான முறையே தொடர்ந்தது. நிதி நெருக்கடியைச் சுட்டிக்காட்டி ஜெயலலிதா தலைமையிலான அரசு, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளோரின் அட்டைகளில் 'எச்' முத்திரையிட்டு அவர்களைப் பொது விநியோகத்திலிருந்து விலக்கியது. அன்றைய 5,000 ரூபாய் செல்வந்தரின் வருமானமன்று. மாதச் சம்பளம் வாங்கும் சாதாரண ஊழியரின் வருமானம். 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளையும் ஆளுங்கட்சி அணி இழந்த சில நாள்களில், அந்த முத்திரை உள்ளிட்ட பல சிக்கன நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. சலுகை பெறும் வட்டம் குறுகும்போது அதைத் தாங்கிப்பிடிக்கும் குரல்களும் குறுகும். எல்லோரும் வாங்கும் கடையாக இருப்பதால்தான் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி கெட்டுப்போனால் கேள்வி எழுகிறது.

கடலுக்கு அப்பால் இலங்கையின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. 1953-இல் ரேஷன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து ஆகஸ்டு 12 அன்று நடந்த ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகுவதில் முடிந்தது. அங்கே கற்றுக்கொள்ளப்பட்ட பாடம், அடுத்த முறை ஓசையில்லாமல் வெட்ட வேண்டும் என்பதுதான் போலும். 1979 செப்டம்பரில் அரிசிப் பங்கீடு நிறுத்தப்பட்டு, குறைந்த வருமானத்தினருக்கு மட்டும் உணவு முத்திரைகள் தரப்பட்டன. முத்திரையின் ரூபாய் மதிப்பு மாறவில்லை, விலைவாசி மாறியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைக் கொண்டு வாங்கக்கூடிய உணவு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. மக்களில் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கினரின் உணவு ஆற்றல் அளவும் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன.

நிதிநிலை என்ற நியாயம்

செலவைக் குறைக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020–21-இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்றது. கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்யும் அரசு, பள்ளிக் கட்டடத்துக்கும் மருத்துவமனைக்கும் முதலீடு செய்யும் வலுவை இழக்கும் என்பது மெய். தேவையில்லாதவருக்கும் சலுகை போகிறது, ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது என்ற குறைகளும் மெய்.

ஆனால் இந்த வாதம் நேர்மையாக இருக்க வேண்டுமானால், கணக்கின் இரு பக்கங்களும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். ஆலைகளுக்கு நிலத்தில் சலுகை, வரித் திருப்பியளிப்பு, மின்சார வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டண விலக்கு, உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்று தரப்படுபவை முதலீட்டு ஊக்கம் என்ற பெயரில் ஏட்டில் ஏறுகின்றன. ஆலையில் வேலை செய்பவரின் பிள்ளைக்குப் போடும் உப்புமா மட்டும் இலவசம் என்ற பெயரில் ஏறுகிறது. முன்னதற்கு வேலைவாய்ப்பு என்ற பலன் காட்டப்படுவதுபோல், பின்னதற்கும் அந்த வேலைக்கு ஆள் தொடர்ந்து கிடைப்பது என்ற பலன் காட்டப்பட வேண்டும்.

மேலும், வெட்டும் முடிவை ஓரிடத்தில் எடுத்து, சுமையை வேறிடத்தில் இறக்குவது சிக்கனமாகாது. 2015–16-இன் ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கான தொடக்க ஒதுக்கீடு முந்தைய ஆண்டினதில் பாதிக்கும் கீழே சென்றது. மாநிலங்களுக்கு வரிப் பங்கு உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆண்டின் நடுவே ஒரு பகுதி ஈடுசெய்யப்பட்டாலும், பொறுப்பு நகர்ந்தது நகர்ந்ததுதான். அவ்வாறு நகரும் பொறுப்பு மாநிலத்திடமிருந்து உள்ளாட்சிக்கும், அங்கிருந்து குடும்பத்துக்கும், குடும்பத்தில் பெண்ணின் நேரத்துக்கும் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசிப் படியில் இருப்பவர் அதை மேலும் நகர்த்த இடமில்லாததால்தான், செலவு முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது.

செய்யக்கூடியவை

இந்த வழித்தடத்தின் நிலைமை சில தெளிவான சீர்திருத்தங்களைக் கோருகிறது. ஓய்வூதியம், உரிமைத் தொகை, இஎஸ்ஐ வரம்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு இணைத்தால், முடிவெடுக்காமல் இருப்பதன் மூலம் வெட்டுவது முடியாமல் போகும். வரம்பைத் தாண்டிய நாளிலேயே சலுகை முழுவதையும் பறிக்காமல் படிப்படியாகக் குறைத்தால், ஊதிய உயர்வு தண்டனையாக மாறாது. ஊராட்சி நகராட்சியாகும்போது வேலை உறுதி சில ஆண்டுகளுக்காவது தொடர வேண்டும். நகர்ப்புறத்துக்கான வேலைத்திட்டம் அதற்குள் வலுப்பெற வேண்டும். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' முறையில் வெளிமாநிலத் தொழிலாளர் தானியம் பெற முடியும். ஆனால் அட்டை ஒடிசாவில் குடும்பத்திடமும், விரல்ரேகை மாத்தூரிலும் இருக்கும் நிலையில், அந்த வசதியை அவர்கள் அறிந்து பயன்படுத்தச் சிப்காட் வளாகங்களுக்கு அருகே மாலையிலும் விடுமுறை நாளிலும் இயங்கும் கடைகள் தேவை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு நடைமுறை வர வேண்டும். புதிய ஆலைக்கு அனுமதி கேட்பவர், அதனால் நீருக்கும் காற்றுக்கும் நேரக்கூடிய பாதிப்பை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டியிருக்கிறது. ஒரு நலத்திட்டத்தைக் குறைக்கவோ, தாமதிக்கவோ, அதன் எல்லையை மாற்றவோ முனையும் அரசாணையோடும் அதுபோன்ற ஓர் இணைப்பு இருக்க வேண்டும்: குறையும் தொகை எவ்வளவு, அது யாருடைய கணக்கில் ஏறப்போகிறது, அவரால் அதைத் தாங்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் கேள்விக்கான விடை, நிதித் துறையின் ஏடுகளைவிட, வல்லத்திலும் மாத்தூரிலும் உள்ள மளிகைக் கடை நோட்டுகளின் முன்பாக்கிப் பத்தியில் துல்லியமாகக் கிடைக்கும்.